ஆளில்லாத பைன் தெரு

பைன் தெரு செத்துவிட்டது என்ற வதந்தி ஒஹையோவில் ஒரு டோனட் கடையில் பிறந்தது. அங்குள்ள பதினொரு பட்டறைகளும் காலி என்று யாரோ நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். எல்லாவற்றையும் இடித்துவிட்டு, புதிதாக வரும் கிடங்குக்கு லாரி நிறுத்துமிடம் போடப் போகிறார்களாம். அந்தத் தெருவில் இருபத்தாறு வருடமாக பிளாஸ்டிக் ஆலைகளின் அச்சுகளைப் பழுதுபார்க்கும் லொரெய்ன் யோஸ்டுக்கு, தான் செத்த செய்தி காப்பியோடு வந்தது.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். வளர்ச்சி அதிகாரி லேண்டிஸ் அறிக்கையின் பிரதி ஒன்றை நீட்டினார். ‘வட்டாரப் பொருளாதாரத்தை இயக்குவது எது?’ என்று அட்டையில் தங்க எழுத்து. முப்பத்தோராம் பக்கத்தில் பைன் தெரு இருந்தது: பதினொன்றும் பூட்டு, ஆள் நடமாட்டம் இல்லை. பார்வையிட்ட தேதியை லொரெய்ன் இரண்டு முறை படித்தாள்.

“ஏங்க, இது மான் வேட்டை தொடங்கற திங்கக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கே லீவு. எங்க தெரு மொத்தமும் துப்பாக்கியோட காட்டுல உக்காந்திருந்துச்சு.”

“நிபுணர் பாஸ்டன்காரர். அவருக்கு எப்படிங்க தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும்ல. அன்னைக்கி நீங்க எங்க இருந்தீங்க?”

லேண்டிஸ் மேசையில் பேனாவைத் தேடினார். சுவரில் அவர் மாட்டியிருந்த மான் தலைதான் அவளை நேராகப் பார்த்தது.

“கிடங்கு வந்தா எண்ணூறு பேருக்கு வேலை வருதுங்க, லொரெய்ன்.”

“வரட்டும். போன மாசம் பாட்டில் மூடி செய்யற ஆலையில அச்சு விரிசல் விட்டப்ப யாரு ஓடினா? பக்கத்துப் பட்டறை டென்னி கடைசல் பிடிச்சான், நான் வெல்டிங் பண்ணேன், எதிர்ப் பட்டறையில பாலிஷ் போட்டாங்க. சாயங்காலம் ஆலை ஓடிச்சு. யாரும் யார்கிட்டயும் கையெழுத்து கேக்கல. நாலு ஆலை இங்க இருக்கறது உங்க வரிச்சலுகைக்காகன்னு நெனச்சீங்களா? கூப்பிட்ட தூரத்துல நாங்க இருக்கோம், அதுக்காக.”

“அதெல்லாம் புள்ளிவிவரத்துல வராதுங்க. அம்பது பேருக்கு மேல இருந்தாத்தான் கணக்கு.”

மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்காரியான லொரெய்ன், அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள். ஒரு வட்டாரம் எதனால் பிழைக்கிறது என்று கண்டுபிடிக்க வந்தவர், பிழைத்துக்கொண்டிருப்பவர்களின் கதவைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரப் பொதுக்கூட்டத்தில் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கிரீஸ் சட்டையோடு வந்து முன்வரிசையை அடைத்தார்கள். கடைசல்காரன் டென்னி எழுந்தான். “தலைவரே, நாங்க நடமாடறது தெரியுதா, இல்ல இன்னும் கொஞ்சம் கைய ஆட்டணுமா?”

மண்டபம் சிரித்தது. மேடை சிரிக்கவில்லை. வசந்தத்தில் மறு ஆய்வு, அதுவரை முடிவு ஒத்திவைப்பு. ‘இடிப்பு ரத்து’ என்ற சொல்லை யார் வாயிலிருந்தும் பிடுங்க முடியவில்லை. புது இயந்திரத்துக்குக் கடன் கேட்டிருந்த லொரெய்னிடம் வங்கியும் வசந்தத்தையே காட்டியது. இடிபடப் போகிற கட்டடத்தை நம்பி எவன் கொடுப்பான்?

இதற்கிடையில் மாவட்ட அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. அறிக்கைப் பிரதிக்குப் பக்கத்துக்குக் கால் டாலர் வீதம், நாற்பத்தாறு பக்கத்துக்குப் பதினொன்றரை டாலர் பாக்கியாம். பைன் தெரு, ஏழாம் எண் என்று முகவரி துல்லியமாக இருந்தது. லொரெய்ன் உறையைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி, மேலே ‘இங்கே ஆள் நடமாட்டம் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள்.

நேற்று மூன்றாவது கடிதம் வந்திருக்கிறது.