முறுக்கினால் ஓடும் சைக்கிள்

மீன்கார நூஹுவின் ஹோர்ன் சத்தம் கேட்டால் சேனைக்குடியிருப்பில் முதலில் பூனைகள் வெளியே வரும், பிறகுதான் பெண்கள் வருவார்கள் என்று ஒரு பகிடி இருந்தது. காலை ஆறு மணிக்குக் கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் எடுப்பார். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பின் கரியரில் ரியூப் பட்டியால் இறுக்கிக் கட்டுவார். நற்பிட்டிமுனை வழியாகச் சேனைக்குடியிருப்பு வரை மிதித்துப் போய், விற்று முடித்து, பகல் லுஹர் தொழுகைக்குத் திரும்பிவிடுவார். இருபத்திரண்டு வருடம் இதுதான் அவருடைய பாதை. தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ், முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடி போன முதல் நாள், “எங்க காக்கா இவ்வளவு நாளும்?” என்று மட்டும் கேட்டார்கள். “சும்மா, வீட்டதான்” என்று மட்டும் அவரும் சொன்னார். அன்று கீரிமீன் பெட்டியோடு விற்றுத் தீர்ந்தது.

அந்த மீனில்தான் மகன் மிஹ்லார் பேராதனைக்குப் போய்ப் பௌதிகவியல் படித்தான். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைக் கண்ட முதல் ஆள் அவன். அங்கே யாராவது வாப்பாவின் தொழிலைக் கேட்டால் “வியாபாரம்” என்பான். பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவான். பட்டம் முடித்து இரண்டு வருடமாகியும் ஆசிரியர் நியமனம் வரவில்லை. தொண்ணூற்றெட்டில் அவன் வீட்டில் இருந்தான். வாப்பாவுக்கு வலது முழங்காலில் நீர் கட்டி வீங்கியிருந்தது.

அந்த நாட்களில்தான் அப்துல் ஹமீட் ஹாஜியாரின் கடைக்கு ஜப்பானிலிருந்து பழைய சைக்கிள்கள் ஒரு கொண்டெய்னர் நிறைய வந்திறங்கின. அதில் ஒன்று கனத்தது. பெடலுக்குப் பக்கத்தில் இரும்புக் கூடு, அதற்குள் ஒரு சிறிய மோட்டார். கூட்டின் ஓரத்தில் ‘24V 235W’ என்று இருந்தது. பற்றரி செத்துப்போயிருந்தது. ஹாஜியார் அதைப் பழைய இரும்பின் விலைக்கே கொடுத்தார். மிஹ்லார் இரண்டு மோட்டார் சைக்கிள் பற்றரிகளைத் தொடராக இணைத்து உயிர் கொடுத்தான். மிதித்தால் மட்டும் மோட்டார் சேர்ந்து உழைக்கும், கால் நின்றால் அதுவும் நிற்கும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள்.

இதற்கு லைசன் வேண்டுமா என்று கேட்கப் பிரதேச செயலகத்துக்குப் போனான். வாகன வரிப்பத்திர மேசையில் கனகரெத்தினம் இருந்தார். சேனைக்குடியிருப்பு ஆள்.

“எத்தின சீ.சீ. தம்பி?”

“சீ.சீ. இல்ல சேர். வாட். இருநூற்றி முப்பத்தஞ்சு.”

“வாட்டா? அப்ப பல்புக்கெல்லாம் வரிப்பத்திரம் எழுதோணும் போல” என்று சிரித்தார். படிவத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். “இதில அதுக்கு ஒரு கட்டமும் இல்ல. மிதிக்கோணுமா?”

“மிதிச்சாத்தான் ஓடும் சேர்.”

“அப்ப அது சைக்கிள்தான். மிதிக்காம ஓடினா மோட்டார் சைக்கிள். நம்பரும் வேணும், லைசனும் வேணும், ஆமிக்காரனுகளுக்குப் பதிலும் சொல்லோணும். சட்டம் என்னவோ எனக்கு வடிவாத் தெரியா, என்ட புத்திக்குத் தெரிஞ்சதச் சொல்றன். மிதிக்காம ஓட வச்சிடாதங்க.” பிறகு கேட்டார். “ஆருக்கு இது?”

“எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு.”

அந்தப் பதில் வாயிலிருந்து தானாக வந்தது. படி இறங்கும்போது அதை நினைத்தான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் கோட்டு சூட்டுப் போட்டவர்களில்லையே, பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று தன்னையே கேட்டான். பதில் தெரிந்திருந்ததால் அதோடு விட்டுவிட்டான்.

நூஹுவுக்கு அந்தச் சைக்கிள் பிடித்துப்போயிற்று. “ஆரோ பின்னால கை வச்சித் தள்ளுற மாதிரி இரிக்கி மகன்” என்றார் முதல் நாள். மூன்று வாரத்தில் முழங்கால் வீக்கம் பாதி வற்றியது. அதோடு விட்டிருக்கலாம்.

தேத்தண்ணிக் கடையில் விடவில்லை. “நூஹு காக்கா, மிதிக்கத்தான் வேணுமெண்டா அதென்ன மோட்டார்? கெம்பஸில இதயா படிச்சிக் குடுத்த?” என்று ஒருவன் கேட்டான். “மகனார் விஞ்ஞானி. மறுகா ஹோர்னுக்கும் மோட்டார் பூட்டுவார்” என்றான் இன்னொருவன். நூஹு சிரித்துக்கொண்டு வந்து வீட்டில் சொன்னார். மிஹ்லார் சிரிக்கவில்லை.

உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து எக்ஸலேட்டர்ப் பிடியைக் கழற்றி வந்து வலது கைப்பக்கம் பூட்டினான். முறுக்கினால் ஒரு சுவிச்சு விழும், மோட்டார் முழு வேகத்தில் ஓடும். மிதிக்கவே தேவையில்லை.

“எனக்கு மிதிச்சா ஓடுறது போதும் மகன்” என்றார் நூஹு. “அந்தச் சேரும் வேணாமெண்டல்லவா சொன்னார்?”

“முழங்கால் நோவுதெண்டிங்களே வாப்பா.”

“இப்ப குறைவுதான்.”

“பூட்டினதப் பூட்டியாச்சு. ஓடிப் பாருங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலிலிருந்து திரும்பிய கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, நூஹு கால்களைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடிக் காட்டினார். தேத்தண்ணிக் கடைக்காரன் கைதட்டினான். மிஹ்லாருக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. வாப்பாவின் முழங்காலுக்காகவா இதைச் செய்தான், தேத்தண்ணிக் கடைப் பகிடிக்காகவா? அன்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

சனியும் ஞாயிறும் மீன் படவில்லை. திங்கட்கிழமை அவனும் தன் பழைய சைக்கிளில் வாப்பாவுக்குப் பின்னால் போனான். பற்றரி எத்தனை மைல் தாங்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஊர் எல்லை தாண்டி, வயல் தொடங்கும் இடத்தில் இராணுவம் ஆட்களைச் சோதிக்கும் ஒரு சென்றி இருந்தது. மண்மூட்டைகள், இரண்டு வரிசைத் தார்ப் பீப்பாய்கள், நடுவே ஆளொருவர் போகக்கூடிய இடைவெளி. முதல் பீப்பாவுக்கு இருபது முழம் முன்னாலேயே எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இரண்டு கையும் ஹேண்டிலில் தெரியும்படி வைத்து, கடைசிப் பீப்பா வரை உருட்டிப் போக வேண்டும். யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த இடம் வந்தால் கால்கள் தாமாக இறங்கும்.

மிஹ்லார் வாட்டைக் கணக்கிட்டிருந்தான், வோல்டைக் கணக்கிட்டிருந்தான், மீனும் ஐஸும் சேர்ந்த பாரத்தையும் கணக்கிட்டிருந்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தெரிந்த அந்த உருட்டலை மட்டும் மறந்திருந்தான். வாப்பா இறங்குவதை ஆறு பேருக்குப் பின்னால் நின்று கண்ட பிறகுதான் அது அவன் மண்டையில் ஏறியது. கத்த வாய் திறந்தான். சென்றியில் கத்தக்கூடாது.

வேறு இடமென்றால் நூஹு ஒரு கையால் பெட்டியைப் பிடித்துத்தான் உருட்டுவார். இங்கே இரண்டு கையும் ஹேண்டிலில். பாதை பீப்பாவை நோக்கிக் கொஞ்சம் சரிவு. பாரம் முன்னால் இழுக்க, அவர் சைக்கிளைப் பின்னுக்குப் பிடித்தார். பின்னுக்குப் பிடிக்க, மணிக்கட்டோடு எக்ஸலேட்டரும் முறுகியது. சைக்கிள் பாய்ந்தது. நிறுத்த வேண்டுமென்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். இறுக்க இறுக்க அது இன்னும் பாய்ந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பீப்பாவில் மோதிச் சரிந்தது. பெட்டி உடைந்து, கீரிமீனும் ஐஸும் மணலில் சிதறின.

“ஹோல்ட்!”

துவக்குகள் உயர்ந்தன. வரிசையில் நின்ற எல்லோரும் குந்திவிட்டார்கள். நூஹு வீங்கிய முழங்காலிலேயே முட்டுக்குத்தி, இரண்டு கையையும் தூக்கினார். ஒரு செருப்பு எங்கோ போயிருந்தது. சைக்கிளின் பெடல் மட்டும் யாரோ மிதிப்பதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

சிப்பாய் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றிய பற்றரிகளையும் வயர்களையும் கண்டு இரண்டு அடி பின்வாங்கினான். சிங்களத்தில் ஏதோ கத்தினான். நூஹுவுக்கு மீன் விற்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும், அதுவும் அந்நேரம் வரவில்லை. மிஹ்லாருக்குத் தெரியும். நான்கு வருடம் பேராதனையில் இருந்தவன்.

அவன் எழும்பவில்லை.

எதிர்ப்பக்க வரிசையிலிருந்து ஒருவர் பைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். செயலகக் கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்த கனகரெத்தினம். ஒரு தமிழ் ஆள் அந்த இடத்தில் வரிசையை விட்டு விலகுவது சின்ன விசயமில்லை.  நிறுத்தாமல் சிங்களத்தில் சொன்னார். இது ஜப்பான் சைக்கிள், கால் வருத்தக்காரர், எங்கள் ஊரில் மீன் விற்பவர், நான் அவரிடம் மீன் வாங்குபவன், என் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிப்பாய் துவக்கைக் கொஞ்சம் இறக்கி ஒன்று கேட்டான்.

“காக்கா,” என்றார் கனகரெத்தினம், “இத ஆர் பூட்டினதெண்டு கேக்கிறார்.”

நூஹு தலையைத் திருப்பினார். வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, மிஹ்லாரிடம் வந்தார். ஒரு மூச்சு நேரம் பார்வை அங்கே நின்றது. பிறகு அடுத்த முகத்துக்குப் போனது.

“கடையில பூட்டித் தந்தது சேர். ஆளத் தெரியா.”

பற்றரிகளைக் கழற்றி மண்மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். நூஹு மணல் படிந்த மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கனகரெத்தினம் வெள்ளைச் சேட்டோடு குந்திப் பொறுக்க உதவினார். வரிசை நகர்ந்தது. மிஹ்லார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பின்னேரம் நூஹு கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். உம்மாவிடம் சறுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தார். மிஹ்லார் வந்து நின்றான். அவர் நிமிராமலே சொன்னார்.

“நீ வராம நிண்டதும் நல்லதுதான் மகன். இளந்தாரி. ரெண்டு பேரையும் இருத்தி வச்சிருப்பானுகள்.”

அது உண்மை. யாரும் மறுக்க மாட்டார்கள். மிஹ்லாருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆக நல்ல காரணம். ஆனால் மணலில் குந்தியிருந்த அந்த நேரம் பயத்தைவிட வேறொன்றுதான் அவன் மனதில் இருந்தது. எழும்பினால் கனகரெத்தினம் சேருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தான். அந்த மீன்காரர் என் வாப்பா என்று தெரிந்துவிடும். வாப்பாவின் தலைக்கு நேரே துவக்கு இருந்தபோது அவன் நினைத்தது அதைத்தான்.

அன்றே எக்ஸலேட்டரைக் கழற்றினான். அடுத்த நாள் செயலகத்துக்குப் போய் மேசைக்கு முன்னால் நின்றான்.

“சேர், நேற்று அந்தச் சைக்கிள்... அது நான் பூட்டினது. அவர் என்ட வாப்பா.”

கனகரெத்தினம் எழுதிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுப் பேனையை மூடினார்.

“தெரியும் தம்பி. நூஹு காக்கா நாலு வருசமா மீனோட உங்கட கதையையும்தான் வித்தவர். எங்கட வீட்டில உங்கட ரிசல்ட் வரைக்கும் தெரியும்.” பேனையைச் சட்டைப் பையில் குத்தினார். “நீங்க பின்னால நிண்டதையும் நான் கண்டன்.”

பிறகு சைக்கிளைப் பற்றிக் கேட்டார்.

“கழட்டிட்டிங்களா?”

“ஓம் சேர்.”

“அப்ப அது சைக்கிள்தான்” என்றார் அவர். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பற்றரிகளை வியாழக்கிழமை திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளி விட்டுச் சனிக்கிழமை மிஹ்லார் வாப்பாவோடு போனான். இருபது முழத்துக்கு முன்னால் இருவரும் இறங்கினார்கள். மீன் பெட்டி வைத்த சைக்கிளை அவன் வாங்கிக்கொண்டான். அதே சிப்பாய் நூஹுவைக் கண்டு, “ஆ, மோட்டர் காக்கா!” என்று சிரித்தான். பிறகு நாடியை உயர்த்தி, யார் என்பதுபோல் மிஹ்லாரைக் காட்டினான்.

நூஹு வாய் திறக்கும் முன்னே அவன் சிங்களத்தில் சொன்னான். நான் இவருடைய மகன். அன்று அதைப் பூட்டியதும் நான்தான்.

சிப்பாய்க்கு அது பழைய கதையாகிவிட்டிருந்தது. கையை அசைத்து அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அடுத்தவனின் பையைப் பார்க்கத் தொடங்கினான்.

“என்ன சொன்ன அவனுக்கிட்ட?” என்று கேட்டார் நூஹு, கடைசிப் பீப்பாவைத் தாண்டிய பிறகு.

“ஒங்கட மகனெண்டும், அதப் பூட்டினது நானெண்டும் சொன்னன் வாப்பா.”

 நூஹு சைக்கிளை அவனிடமிருந்து வாங்கி ஏறினார். மிதிக்கத் தொடங்கினார்.

“அண்டைக்கு ஆர் பூட்டினதெண்டு கேட்டான்” என்றார். “இண்டைக்கு அவன் அதக் கேக்கல்லியே மகன்.”