ராசம்மாவின் குரலும் சசிக்குமாரின் இரைச்சலும்

ரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன மாடிக் கட்டடம். கீழே ஸஜ்ஜாத் போன் திருத்துகிறான், மேலே சசிக்குமார் வீடியோ எடுக்கிறான். 'சசி வீடியோ'வின் உரிமையாளர், படப்பிடிப்பாளர், எடிட்டர், ரசிகர் மன்றத் தலைவர் எல்லாம் அவனே. இருபது வருடமாக அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவன் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. நடந்திருக்கலாம், ஆனால் அதையெல்லாம் கல்யாணம் என்று அவன் ஒத்துக்கொள்வதில்லை.

அவனுடைய தொழிலில் சத்தம் என்று ஒரு விஷயமே கிடையாது. பெண் அழுதால் ஒரு சோகப் பாட்டு, மாப்பிள்ளை சிரித்தால் ஒரு குத்துப் பாட்டு, ஐயர் மந்திரம் சொன்னால் அதற்கு மேலே ஒரு பக்திப் பாட்டு. மனிதர்கள் பேசியதெல்லாம் பாட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். கெமராவின் தலையில் பஞ்சுத் தொப்பியோடு ஒரு நீளமான மைக் நிற்கும். மூன்று வருடமாக அதன் வேலை அழகாக நிற்பது மட்டும்தான். அதில் பதிவான சத்தத்தைத் தனியாக ஒரு தடவைகூட சசிக்குமார் கேட்டதில்லை. தான் சமைத்ததைத் தின்று பார்க்காத சமையல்காரனுக்குத்தான் தன் கைப்பக்குவத்தில் எவ்வளவு நம்பிக்கை!

ஒரு வெள்ளிக்கிழமை நிரஞ்சனி கடைக்கு வந்தாள். மாத்தளையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பெண். ரிவர்ஸ்டன் பாதையில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், ஒட்டிக்கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவள் வீடு. தாய் ராசம்மா கொழுந்து எடுப்பவள்.

"அண்ணே, அம்மாவோட கொரல எடுத்துத் தரணும். தொண்டையில கட்டி. திங்கக்கிழம கண்டியில ஒப்பரேஷன். கொரல்பெட்டியவே எடுக்கணுமாம். அதுக்கப்பறம் அம்மா இருப்பாங்க, பேச்சு இருக்காது."

சசிக்குமாரின் கை பழக்கத்தில் சோகப் பாட்டு லிஸ்டைத் தேடிப் போனது.

"பாட்டெல்லாம் வேணாம்ணே. அம்மா பேசுறது மட்டும் போதும்."

சரி என்று தலையாட்டினான். பாதி, பரிதாபத்தால். மீதி, ராசம்மா அக்காவின் வாயை நினைத்து. அந்தக் குரல் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் கேட்கும். கங்காணி அவளை வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார், காது அவருக்கும் வேண்டுமே. பதினொரு வருடத்துக்கு முன் நிரஞ்சனி வயசுக்கு வந்த சடங்கை வீடியோ எடுத்தவன் சசிக்குமார். அன்றிலிருந்து அவனைக் கண்ட இடத்திலெல்லாம் ராசம்மா திட்டாமல் விட்டதில்லை. எதற்கென்று நின்று கேட்கிற அளவுக்கு அவனுக்குத் தைரியம் இருந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லயத்துக்குப் போனான். ராசம்மா பட்டுச் சேலை கட்டி, ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தவள் மாதிரி கதிரையில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். மலையே அதிரப் பேசுகிற பெண்மணி, கெமராவைக் கண்டதும் டொக்டர் முன்னால் பேசுகிற குரலுக்கு இறங்கிவிட்டாள். "மக, நீ நல்லா இருக்கணும்..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

சசிக்குமார் முதல் தடவையாக ஹெட்போனை மாட்டினான். ஸ்ஸ்ஸ்ஸ் என்று காதுக்குள் குக்கர் கொதித்தது. அதற்கு அடியில் எங்கேயோ ராசம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தெரியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் அவன். "ரிவர்ஸ்டன் பனி ஒத்துக்கல. இது வெளிநாட்டு மைக்" என்று சொல்லிவிட்டு, முகம் துடைக்க வைத்திருந்த லேஞ்சியால் மைக்கைத் துடைத்தான். இரைச்சல் போகவில்லை. பஞ்சுத் தொப்பியைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். பற்றரியை மாற்றினான். செருகும் துளைக்குள் ஊதினான், ஊதிய எச்சிலைத் துடைத்தான். கரண்டில்தான் கோளாறு என்று டீவியின் பிளக்கைக் கழற்றச் சொன்னான். பிறகு பக்கத்து வீட்டு டீவியையும் நிறுத்தச் சொன்னான். நாடகம் பாதியில் நின்ற கோபத்தோடு லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நாடகத்தைவிட இது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் ராசம்மா முதலிலிருந்து பேச வேண்டியிருந்தது. நாலாவது தடவை குரல் உடைந்து இருமல் வந்தது.

"அம்மாவுக்குத் தொண்ட நோவுதுண்ணே" என்றாள் நிரஞ்சனி. அவள் கண் கலங்கியிருந்தது. மிச்சமிருக்கிற குரலைத் தான் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் சசிக்குமாருக்கு உறைத்தது. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் லேஞ்சியை எடுத்தான்.

அவ்வளவுதான்.

"டேய் சசி! இன்னும் என்னாடா தொடச்சிக்கிட்டு இருக்க? அந்தக் கருமத்தத் தொடச்சா பேசுமா? ஏ மக சடங்குக்கும் இப்பிடித்தான் வந்து நின்ன! ஆராத்தி எடுக்கிறப்ப அவ தலையில கைய வச்சி நான் என்னா சொன்னேன்னு அதுல ஒரு சொல்லு இருக்காடா? எல்லாத்து மேலயும் பாட்டப் போட்டு மூடிப்புட்ட! நிப்பாட்டுடா ஒன்னோட பாட்ட! மனுசங்க பேசுறதக் கேளுடா!"

கெமரா ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்போனும் காதில் இருந்தது. கரகரப்பு ஏறியிருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுந்தது. இரைச்சலைக் காணோம்! அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஸ்ஸ்ஸ் என்று மெல்ல ஏறி வந்தது. அடுத்த வசவு தொடங்கியதும் ஓடி ஒளிந்தது. திட்டு வாங்கும்போது சசிக்குமாரின் மூளை வேலை செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வாசலுக்கு ஓடிப்போய்க் கீழ்க்கடை ஸஜ்ஜாத்துக்குப் போன் எடுத்து, கேட்டதை அப்படியே சொன்னான்.

"மச்சான், கெமராட சத்தம் ஓட்டோமெட்டிக்ல ஈக்கிது" என்றான் ஸஜ்ஜாத். "ஆள் மெல்லப் பேசினா அதுவே காதப் பெருசாத் தொறக்கும். அப்ப அதுட சொந்த இரைச்சலும் சேந்து பெருசாகும். ஓட்டோவ நிப்பாட்டி, அளவக் கையால கொறச்சி வைங்க. மைக்க வாய்க்கிட்ட கொண்டு போங்க. மெனுல ஈக்கிம், பாருங்க."

மெனு பட்டனுக்கு மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கல்யாண வீட்டுப் பிள்ளைகள் அமுக்கிவிடக் கூடாதென்று பத்து வருடத்துக்கு முன் அவனேதான் ஒட்டினான். எவ்வளவு கவனமான மனிதன்! ஒட்டிய நாளிலிருந்து அவனும் அதை அமுக்கியதில்லை.

டேப்பை நகத்தால் உரித்தான். ஓட்டோவை நிறுத்தினான், அளவைக் குறைத்தான். மைக்கை கெமராவின் தலையிலிருந்து இறக்கி, ராசம்மா மலைக்குக் கொண்டு போகும் குடையின் நுனியில் கட்டினான். நிரஞ்சனி அதைத் தாயின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனில் குக்கர் அணைந்திருந்தது.

"அக்கா, அன்னைக்கி ஆராத்தி எடுக்கிறப்ப சொன்னீங்களே, அதையே சொல்லுங்க" என்றான் சசிக்குமார்.

ராசம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு மகளின் தலையில் கை வைத்தாள்.

"எங்க வேணும்னாலும் போ மக. எவன் முன்னாடியும் கொரலக் கொறச்சிப் பேசாத."

இதைத்தான் பதினொரு வருடத்துக்கு முன் அவன் ஏதோ ஒரு பூவைப் பற்றிய பாட்டைப் போட்டு மூடியிருந்தான். ஹெட்போனைக் கழற்றாமலே சசிக்குமார் அழுதான். பனி என்று சொல்லித் துடைத்துக்கொள்ள லேஞ்சி தயாராக இருந்தது.

நிரஞ்சனி இரண்டு பதிவையும் கேட்டு வாங்கினாள். திட்டை அழித்துவிடுவதாக அவன் சொன்னபோது, "ஐயோ, அதுதாண்ணே அம்மா" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. சசிக்குமார் வில்கமுவ கல்யாணம் ஒன்றை எடிட் பண்ணிக்கொண்டிருந்தான். மனந்திருந்தியிருப்பான் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு சசிக்குமாரைத் தெரியாது. திரையில் ஒரு தாய் மணப்பெண்ணின் கையைப் பிடித்து ஏதோ சொல்கிறாள். அவன் நல்லதாக ஒரு சோகப் பாட்டைத் தேடிப் போட்டிருந்தான்.

படியில் ஆள் ஏறும் சத்தம். ராசம்மா. கழுத்தில் மூச்சுக்கு வைத்த துளையை மூடி ஒரு துணி, கையில் ஒரு பை கொய்யாப்பழம். பையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள், பாட்டைக் கேட்டாள். சிரிப்பு நின்றது.

இடுப்பிலிருந்து போனை எடுத்து, விரலால் தேடி, அவன் முகத்துக்கு நேரே பிடித்து அமுக்கினாள்.

"நிப்பாட்டுடா ஒன்னோட பாட்ட!" ஸ்ஸ்ஸ். "மனுசங்க பேசுறதக் கேளுடா!"

அந்த ஸ்ஸ்ஸுக்குள் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. இனி அந்த மூச்சு கழுத்துத் துணிக்குப் பின்னால்தான்.

"இந்தா நிப்பாட்டுறேன்க்கா" என்றான் சசிக்குமார். பாட்டை அழித்தான். இரைச்சலோடு இரைச்சலாகத் திரையில் அந்தத் தாய் மகளிடம், நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயித்தோட கெடக்காத என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராசம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரைக்கும் இருந்து கேட்டாள்.