கிளட்ச்சிலிருந்து காலை எடுத்த நிமிடம்

ஐந்து வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாத்தேரான் மலையிலிருந்து நேரலுக்கு இறங்கும் பாதையில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் என் வலது பாதம் தானாகத் தரையை அழுத்துகிறது.

எனக்கு வீடு செம்பூரில், அலுவலகம் வாஷியில். காரில்தான் போய்வருவேன். அப்போது கார் ஓட்டத் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கேயும் இடித்ததில்லை, உரசியதில்லை. அதைவிட எனக்குப் பெருமையான விஷயம், நான் ஓட்டினால் வண்டி குலுங்காது என்பது. பின் சீட்டில் தூங்குகிறவர்கள் வீடு வரும்வரை தூங்குவார்கள். தாராவியில் பிறந்து வளர்ந்து, ரயிலைத் தவிர வேறெதையும் நம்பாத என் கணவரே அந்த ஒரு விஷயத்தில் என்னைப் பாராட்டுவார்.

குலுங்காமல் ஓட்டும் வித்தையை டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பிரேக்கில் வலது கால் இறங்கும்போதே கிளட்ச்சில் இடது கால் இறங்கிவிட வேண்டும். மும்பைக்கு அது சரியான பாடம்தான். பத்தடி நகர்வதும் நிற்பதுமாகப் போகிற சாலையில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால், பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தே நம்மைக் கொன்றுவிடுவார்கள். ஆறு வருடத்தில் அது என் கால்களுக்கே ஊறிப்போய்விட்டது. எனக்கு அந்த இரண்டு பெடலும் சேர்ந்ததுதான் பிரேக்.

அன்று நானும் கணவரும் ஏழு வயது மகளும் கிளம்பினோம். நேரலில் டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற டிரைவர்கள், "மேடம், வண்டியை இங்கேயே விட்டுடுங்க, மலை ரோடு ரொம்ப கஷ்டம்" என்று ஹிந்தியில் சொன்னார்கள். பிழைப்புக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சயான் சர்க்கிள் நெரிசலில் வண்டி ஓட்டுகிறவளுக்கு இவர்கள் பாடம் எடுப்பதா என்ற திமிர் வேறு. கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலே ஏறினேன். ஏறும்போது ஒரு சிக்கலும் இல்லை. அதனால் திமிர் இன்னும் ஒரு படி கூடியிருந்தது.

மேலே கார் நிறுத்தும் இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, காலையெல்லாம் சுற்றிவிட்டு, மதியம் மூன்று மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். சிறிய கியரில் இறங்கவும் என்று வழியில் பலகை வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளையாக இரண்டாவது கியரில் போட்டேன். உடனே எஞ்சின் உறுமத் தொடங்கியது.

"மம்மி, காடி அழுவுது" என்றாள் மகள். வண்டியை அவள் ஹிந்தியில் காடி என்றுதான் சொல்வாள்.

"என்னட்டி இப்படிக் கத்துது? வண்டிக்கு வலிக்கப் போவுது" என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

எனக்கே அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. வண்டியைப் போட்டு வதைக்கிறோமோ என்று தோன்றியது. கிளட்ச்சை அழுத்தினேன். சத்தம் அடங்கியது. பலகையில் எழுதியிருந்தபடி கியர் சிறியதில்தான் இருக்கிறது, என் கால் பிரேக்கில் இருக்கிறது, வண்டி வழுக்கிக்கொண்டு அமைதியாக இறங்குகிறது. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். கிளட்ச்சை அழுத்திய நொடியிலேயே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, இனி மூன்று உயிரையும் தாங்குவது பிரேக் மட்டும்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நான்கைந்து வளைவு கடந்ததும் இஸ்திரிப் பெட்டியில் துணி தீய்ந்தது போல ஒரு வாடை.

"ஏட்டி, ஒரு வாடை வருதுல்லா?"

"வெளிய எங்கயோ குப்பை எரிக்காங்க. சும்மா வாங்க."

அடுத்த வளைவில் பிரேக் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அதற்கடுத்த வளைவில் இன்னும் ஆழமாக. வண்டி வேகம் குறைவதற்குப் பதில் கூடியது. இடது பக்கம் இடுப்புயரச் சுவர், அதற்கப்பால் வெறும் வானம். கணவரிடம் சொல்லவும் பயமாக இருந்தது, மகளுக்குக் கேட்டுவிடும். அவள் பின்னால் சோளத்தைக் கடித்துக்கொண்டு ஏதோ ஹிந்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பிறகு பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

"பிரேக் பிடிக்க மாட்டேங்குது" என்றேன். என் குரல் யாரோ பேசுவது போல இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வண்டியின் பின்பக்கம் ஒரு உதறு உதறிச் சுவர்ப் பக்கமாக நழுவியது. "விடுங்க, விடுங்க" என்று கத்தினேன். விட்டுவிட்டார். மகளின் பாட்டு நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். செத்துக்கொண்டிருக்கும்போது இவனுக்கு என்ன அவசரம் என்று ஆத்திரமாக வந்தது. ஒரு வெள்ளை டாக்ஸி வேன் வலது பக்கமாக ஏறி, என் ஜன்னலுக்கு நேராக வந்தது. உள்ளே பயணிகள் இல்லை, மேலிருந்து கூட்டம் திரும்ப இன்னும் நேரம் இருந்தது. டிரைவர் இந்தப் பக்கம் சாய்ந்து ஹிந்தியில் கத்தினார்.

"பிரேக் போயிடுச்சு மேடம், சக்கரத்துல புகை வருது. க்ளட்ச் சோடோ. க்ளட்ச்சை விடுங்க."

பைத்தியமா இந்த ஆள் என்று நினைத்தேன். நிறுத்த முடியாத வண்டியில் மிச்சமிருக்கும் ஒரு பெடலையும் விடச் சொல்கிறாரே. என் இடது கால் மரத்துப்போய் அங்கேயே நின்றது. எடு என்று நான் சொல்கிறேன், அது எடுக்கவில்லை.

"ஆவாஜ் ஆயேகா. ஆனே தோ" என்றார் அவர். சத்தம் வரும், வரட்டும். அதைக் கத்திச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போலச் சொன்னார்.

காலை எடுத்தேன். எஞ்சின் அலறியது. மூன்று பேரும் முன்னால் சாய்ந்தோம், சீட் பெல்ட் தோளை அறுத்தது. ஆனால் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்துவிட்டார்கள். ஆறு வருடமாகத் தினமும் நான் கைவிட்டுக்கொண்டிருந்த பிடி அது.

வேகம் குறைந்தது, ஆனால் சரிவு அப்படி, நிற்கிற அளவுக்குக் குறையவில்லை. அதற்குள் வேன் எனக்கு முன்னால் போயிருந்தது. ஓடிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஓடவில்லை. கையை வெளியே நீட்டி, வா வா என்று சைகை காட்டிக்கொண்டு தன் வேகத்தைக் குறைத்தார். என் வண்டி வேனின் பின்பக்கத்தில் டொக்கென்று முட்டியது. அவர் விலகவில்லை. முட்டிக்கொண்டே இரண்டு வண்டியும் ஒரு வளைவைக் கடந்தோம். இன்னொன்றையும் கடந்தோம். கொஞ்சம் சமதளமான இடம் வந்ததும் அவர் மெல்ல மெல்ல நிறுத்த, என் வண்டியும் வேனின் முதுகில் சாய்ந்தபடி நின்றது. எஞ்சின் குலுங்கி ஆஃப் ஆனது. நான் குலுக்கியதற்காக முதன்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

அவர் இறங்கி வந்து இரண்டு பெரிய கற்களை எடுத்து என் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கலாம், காக்கிச் சட்டை. கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் போய் நின்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆறட்டும் என்று சொல்லி அரை மணி நேரத்துக்கு மேல் எங்களோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு மாலை, அதற்குள் கீழே போகிற கூட்டம் மேலே டாக்ஸிக்குக் காத்திருக்கத் தொடங்கியிருக்கும். எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். செம்பூர், வாஷி என்றேன். தலையாட்டிக்கொண்டார். பம்பாய்க்காரர்கள் எல்லோருமே இங்கே இப்படித்தான் இறங்குகிறார்கள், கால் அங்கேயே பழகிவிடுகிறது என்றார். குத்திக்காட்டுகிற தொனி துளியும் இல்லை.

கிளம்பும்போதுதான் வேனின் பின் பம்பரைப் பார்த்தேன். நசுங்கியிருந்தது. எங்கள் காரின் நீல நிறம் ஒரு சாண் நீளத்துக்கு அதில் ஒட்டியிருந்தது. கணவர் பர்ஸை எடுத்துக்கொண்டு அருகில் போனார். அந்த மனிதர் பம்பரைக் குனிந்து பார்த்தார். நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை.

"யே தோ பெஹ்லே சே தா" என்றார். இது முன்னாடியே இருந்ததுதான்.

பிரேக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்ததை அவரே மிதித்துப் பார்த்தார். பிறகு முதல் கியரில், கிளட்ச்சில் கால் வைக்காமல், நேரல் வரைக்கும் அவர் வேனுக்குப் பின்னாலேயே ஊர்ந்து இறங்கினேன். வழியெல்லாம் எஞ்சின் அலறியது. கீழே வந்ததும் ஒரு மெக்கானிக் கடையைக் கைகாட்டிவிட்டு, கூட்டத்தில் திரும்பிப் போய்விட்டார். காலையில் நான் கண்ணாடியை ஏற்றிய அதே ஸ்டாண்டுக்குள்தான் போனார். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. மலைப்பாதையில் நான் கியரைக் குறைத்ததும், "கத்துது மம்மி" என்று என்னைச் சீண்டுவாள். "கத்தட்டும்" என்பேன். அவள் அப்பா அப்போதும் ஹேண்ட் பிரேக் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் மடியில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததாக நினைத்ததெல்லாம் அன்று பொய்யாகிப்போனது; ஆனால் நீல நிறம் ஒட்டிய கட்டைவிரலோடு, என் முகத்தைப் பார்க்காமல் அந்த மனிதர் சொன்ன பொய்யைவிடப் பெரிய மரியாதையை இதுவரை யாரும் எனக்குச் செய்ததில்லை.