பக்கத்து சீட்டு

என் அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் பிரேக். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எல்-போர்டு மாட்டிய காரில், அவர் உட்காரும் பக்கத்து சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் காலால் ஒரே மிதி, வாயால் அர்ச்சனை. கை மட்டும் மடியை விட்டு அசையாது. பதறிப்போய்க் கையை நீட்டினால் ஓட்டுகிறவர் இன்னும் பதறிவிடுவார் என்பது அவருடைய சட்டம். வங்கி மேலாளர் முதல் பல் டாக்டர் வரை அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் எடுத்தவர்கள் குறைவு.

எனக்கு மட்டும் அவர் கற்றுத்தரவில்லை. கேட்டபோதெல்லாம், "உனக்கெல்லாம் சரிப்பட்டு வராது, போ" என்றார். வீம்புக்கு எதிர்த்தெருப் போட்டி ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். அதை நீட்டியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அதை மன்னிக்கவில்லை. இப்போது அவருக்கு மறதி நோய் என்பதற்காக நானும் மறந்துவிட வேண்டுமா என்ன? மறப்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

தம்பி ஒரு தொடுதிரை டேப்லெட் வாங்கி வந்தான். குடும்பப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இவர் யார்?" என்று அது கேட்கும். காலமெல்லாம் அடுத்தவருக்குப் பரீட்சை வைத்த மனிதரிடம் போய்ப் பரீட்சை! என் படம் வந்ததும் முறைத்தார்.

"லைசென்ஸ் ஆபீஸ்ல உட்கார்ந்திருப்பாளே, அந்தச் சிடுமூஞ்சி."

"கொஞ்சம் அப்படித்தான்க்கா இருக்க" என்று தம்பி சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேப்லெட் மேல் தண்ணீரைக் கொட்டியது அப்பா. என்னை முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

தம்பி விடவில்லை. ஸ்டீயரிங், பெடல் எல்லாம் வைத்த கார் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினான். இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டான். ஓட்டுவது நான், பக்கத்தில் அப்பா. திரையில் கார் கிளம்பியதும் அவர் முதுகு நிமிர்ந்தது, கைகள் தானாக மடிக்குப் போயின.

"என் மூஞ்சியில என்ன இருக்கு? கண்ணாடியைப் பாரு! யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எதிர்த்தெரு ஸ்கூல்."

"அதான் எருமை மாதிரி ஓட்டுற. உங்கப்பன் என்ன பண்றான்?"

"டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்."

"உருப்பட்ட மாதிரிதான்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர் ஏன் எனக்குக் கத்துக்கொடுக்கல? சொல்லுங்க" என்றேன்.

"அவனைப் போய்க் கேளு. இப்போ ரோட்டைப் பாரு."

அதன்பின் நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்த நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பார். கிளாசுக்கு லேட் என்று திட்டுவார். தேறாத மாணவி என்று என்னை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். மகள் என்று மட்டும் ஒரு தடவையும் தெரியவில்லை. அந்த ஒரு தடவைக்காகத்தான் நான் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்படி ஏங்குவதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் திரையில் குறுக்குச் சந்திலிருந்து ஒரு லாரி வந்தது. நான் பார்த்தேன். பிரேக் போட்டிருக்கலாம். எதற்குப் போட வேண்டும்? இவருக்கு நான் எவளோ ஒருத்தி. வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

அப்பாவின் கால் தரையை ஓங்கி மிதித்தது. வெறும் தரை. கார் நிற்கவில்லை. மறுநொடி அவர் கை மடியை விட்டுக் கிளம்பி, என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, என்னை நாற்காலியோடு சேர்த்து அழுத்தியது. எந்த மாணவருக்கும் நீட்டாத கை. டிவியில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது.

"அறிவிருக்கா உனக்கு? எறங்கு கீழ! எறங்குடி!"

எப்படி இறங்குவது? அவர் கையை எடுக்கவே இல்லை.