உப்பு மறந்த மாவும் நிழல் ராஜாவும்

தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பன்னக்கா என்றால்தான் தெரியும். ரொட்டிக்கடைக் கல்லாவில் நின்று சூடான பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதற்குள், வாங்க வந்தவரின் வீட்டு நலத்தையும் விசாரித்து முடித்திருப்பாள். அடுப்பும் மாவும் அவள் கணவர் பொறுப்பு. அவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள் பன்னக்கா. மகள் வேலைக்குப் போன பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து ஒவ்வொரு பாடமாகத் தேறிவிட்டாள். இலக்கியம் மட்டும் மிச்சம். அதிலும் ஒரு கவிதை வழியை மறித்துக்கொண்டு மலைபோல் நின்றது.

பழைய கதை ஒன்றைப் புதிதாகச் சொல்லும் கவிதை அது. தன் நிழல் எதன்மேல் விழுகிறதோ அதெல்லாம் தனக்கே சொந்தமாக வேண்டும் என்று ஒரு ராஜா வரம் வாங்குகிறான். வயல், ஆறு, பக்கத்து நாடு என்று எல்லாம் அவனுடையதாகின்றன. பழைய கதையில் ராஜா மட்டும்தான் பேசுவான். கவிதையிலோ ராணி பேசுகிறாள். உடைமையாகிவிட்டால் மனைவியாக இருக்க முடியாதே என்று அவன் நிழல் படாமல் விலகி விலகி நடக்கிறாள். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் உச்சிவேளையில் மட்டும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

காலையில் மாஸ்டர் மாவு பிசைய, அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். அவருக்கு ராணியைப் பிடிக்கவே இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அந்த மனுஷன் யாருக்காகச் சேர்த்தான்? பொண்டாட்டிக்குத்தானே?"

"அவ கேட்டாளா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? நீ கேட்டா இந்தக் கடைய வச்சேன்?"

"இது சரிங்க. இப்ப பக்கத்துக் கடைக்கு ஆசப்படறீங்களே, அத யாரு கேட்டா?"

அங்கேதான் இடித்தது. பக்கத்துத் தையல்கடை காலியாகியிருந்தது. அதையும் எடுத்து நடுச்சுவரை உடைக்க வேண்டும் என்பது மாஸ்டரின் ஆசை. எடுத்தால் மாலையிலும் அவள் கல்லாவில் நிற்க வேண்டும். பரீட்சை நெருங்கும் நேரத்தில் வகுப்பு போய்விடும். வகுப்பு போனால் அந்த மலையைத் தாண்டுவது எப்படி? கட்டடச் சொந்தக்காரர் அன்று சாயங்காலமே பதில் கேட்டு வருவதாக இருந்தார்.

தட்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த நாத்தனார் சும்மா இருப்பாளா? "இந்த வயசுல படிச்சு எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறீங்க, அண்ணி?"

"கோட்டையெல்லாம் உங்க அண்ணனுக்கு. எனக்கு ஒரு சர்டிபிகேட் போதும்."

மாஸ்டர் கோபத்தை மாவின்மேல் காட்டினார். அடித்துப் பிசைந்து துணியால் மூடினார். மாவு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, வழக்கத்தைவிட உயரமாக, துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது.

"பாத்தியா! பக்கத்துக் கடைய எடுன்னு மாவே சொல்லுது!"

பன்னக்கா புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனாள்.

கடை திறந்து கொஞ்ச நேரத்தில், கடித்த பன்னோடு வேன் டிரைவர் திரும்பி வந்தார். "மாஸ்டர், உப்பு கூடாதுன்னு டாக்டர் உங்களுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா?"

நாத்தனார் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க!"

உப்புப் போட மறந்தது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. உப்பு மாவுக்கு ருசி மட்டுமல்ல, கடிவாளமும் அதுதான். அது இல்லாவிட்டால் மாவு தலைகால் தெரியாமல் பொங்கும். கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம். அதைத்தான் அதிர்ஷ்டம் என்று கொண்டாடியிருக்கிறார்.

பன்னக்கா சிரிக்கவில்லை. "நான்தான் வம்பளந்து அவர் கவனத்தக் கலைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பன்களைத் திரும்ப வாங்கி வைத்தாள். உள்ளே மாஸ்டர் காதில் அத்தனையும் விழுந்தது. புது மாவில் உப்பைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அந்த ராணி ஓடிப் போயிருக்கலாமே. எதுக்கு மத்தியானமானா வந்து உக்காந்தா?"

டீச்சரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். வகுப்பில் வராத பதில் அப்போது வந்தது.

"ஆள அவளுக்குப் பிடிச்சிருந்துச்சுங்க. நிழலத்தான் பிடிக்கல."

சாயங்காலம் கட்டடச் சொந்தக்காரரிடம் மாஸ்டர் சொன்னார்: "ஒரு கடைக்கே உப்பு மறந்துபோச்சு. ரெண்டு கடைன்னா மாவையே மறந்துருவேன். வேற ஆளப் பாருங்க." பிறகு உள்ளே திரும்பினார். "ஏம்மா, இன்னும் கிளம்பலையா? கிளாசுக்கு நேரமாகுது."

அவள் தேறியது பின்னால் வந்த சேதி. ஆனால் யாராவது படிப்பைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்வது பரீட்சை முடிந்த மத்தியானத்தைத்தான். பரீட்சைக்கூட வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார், புருவத்தில் மாவோடு.

"கடை?"

"பூட்டியாச்சு."

"வியாபார நேரத்துலயா?"

அவர் தன் காலைக் காட்டினார். "பாத்துக்கோ. நிழல் மொத்தமும் செருப்புக்கு அடியில. தைரியமா பக்கத்துல வா."

அவள் சிரித்தபடி போய் நின்றாள். அவர் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கொடுத்தார். வயிற்றில் பசி, கண்ணில் நீர். எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உப்பு?" என்றார்.

"சரியா இருக்குங்க."