மூன்று மொழியும் ஒரு வாலும்

என் மகளுக்கு எட்டு வயது நடக்கும்போது எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவதை நிறுத்தினோம். நிறுத்தச் சொன்னது அவளுடைய வகுப்பு ஆசிரியை. ஓசூரில் இது நடக்கிற காரியமா? நான் சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி, படித்ததெல்லாம் தமிழில். கணவர் ஊத்தங்கரைத் தமிழர். மாடி வீட்டில் கன்னடம். பால்காரரிடம் ஒரு மொழியில் ஆரம்பித்து இன்னொன்றில் பாக்கியைக் கேட்போம், அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

ஆசிரியை கவனித்துவிட்டார். என் மகள் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போவாள். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைச் சீவிக் கொடுத்துவிட்டுத் தன் நோட்டைத் திறக்க மறந்துபோவாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வாள், அதுவும் வேறு கேள்விக்கு. மூன்றாம் வகுப்பு முழுக்க அவளுக்குப் பெயரே ‘வாலு’தான்.

“மூணு லாங்குவேஜ் பேசிப் பேசி அவ மண்டை குழம்பிப்போச்சுங்க. இனிமே வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க. அப்பவும் சரியாகலைன்னா, நீங்களே ஒத்துக்கிட்டு அடுத்த வருஷமும் இதே கிளாஸ்ல விட்டுருங்க, அவளுக்குத்தான் நல்லது” என்றார் ஆசிரியை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் மேடமும் தலையை ஆட்டினார். தோழிகளெல்லாம் நாலாவதுக்குப் போய்விட, இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில். அதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலமே தெலுங்குக்குப் பூட்டுப் போட்டேன்.

என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு காதில் கன்னட டிரைவர், இன்னொரு காதில் ஆந்திர டிரைவர், எதிரே கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கத்துகிற வேலை. அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் நான் கற்ற இங்கிலீஷ் முழுக்க லாரிக்காக உண்டானது. வீட்டிலும் அதுதான் வந்தது.

“பாத் ஓவர்? யூனிஃபார்ம் ஓகே? ஷூ பெண்டிங். ஹோல்டு, ஹோல்டு. டிஃபன் பாக்ஸ் லோடட். ஓகே, மூவ்.”

கணவர் இயல்பிலேயே அளந்து பேசுகிறவர். இங்கிலீஷ் வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வாய் திறந்து பேசியது டிவி மட்டும்தான். மகளிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஜன்னலுக்குப் போவது போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு காலை, ஒற்றைக் கால் ஷூவோடு வாசற்படியில் நின்றுகொண்டு அவள் கேட்டாள், “அம்மா, நான் என்ன லோடா?”

சிரித்துவிட்டேன். அவளை வேனில் ஏற்றிவிட்டு வந்து, பாத்திரம் விளக்கும்போது அழுதேன். பெற்ற பிள்ளையைக் கொஞ்சக்கூட வாயில் ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்றே என்ற ஆத்திரம். ஆசிரியைமேல் பாதி, என்மேல் பாதி. அந்த வாரமே எல்லை தாண்டி, பெங்களூரில் ஒரு குழந்தை மனநல மருத்துவரிடம் நாள் குறித்தேன்.

மருத்துவர் என்னைவிட இளையவர். மகளிடம் கன்னடத்தில் பெயர் கேட்டார். அவ்வளவுதான், மாடி வீட்டு நாய் குட்டி போட்டதிலிருந்து பஸ்ஸில் ஒருவர் வாந்தியெடுத்தது வரை கன்னடத்தில் கொட்டித் தீர்த்தாள். நான் அவள் தொடையில் கிள்ளி, “ஸ்டாப். ஒன்லி இங்கிலீஷ்” என்றேன்.

“ஏன் இங்கிலீஷ்?” என்று மருத்துவர் என்னைப் பார்த்தார். கதையைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, கன்னட வாசனையடிக்கும் தமிழில் சொன்னார்: “மொழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. முப்பது மொழி பேசினாலும் இது வராது. ஒண்ணே ஒண்ணு பேசினாலும் போகாது.”

உடனே பெயர் வைத்துவிடவில்லை. பள்ளிக்குக் கேள்விகள் அனுப்பினார், எங்களைத் துருவித் துருவிக் கேட்டார், திரும்பத் திரும்ப வரச் சொன்னார். கடைசியில்தான் ஏடிஹெச்டி என்றார். கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதும், உடம்பை ஒரே இடத்தில் உட்காரவைப்பதும் இவளுடைய மூளைக்கு மற்ற பிள்ளைகளைவிடக் கடினம் என்று விளக்கினார். அடமுமில்லை, வளர்ப்புக் கோளாறுமில்லை.

“அப்ப எதனால சார் வருது?” என்று கணவர் கேட்டார்.

“பெரும்பாலும் பரம்பரை. பிள்ளைக்கு உயரம் வருதில்ல, அந்த மாதிரி. ஒரே ஒரு ஜீன் கிடையாது. சின்னச் சின்னதா நிறைய சேரணும். அம்மா அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி, வந்தே தீரும்னும் இல்ல.”

“ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியுங்களா?”

“தெரியாது. அதான் உங்களக் கேக்கறேன். உங்க ரெண்டு குடும்பத்துல யாராவது இப்படி உண்டா?”

“எங்க பக்கம் யாரும் இல்லீங்க” என்றார் கணவர். உண்மைதான். ஊத்தங்கரையில் பஸ்ஸுக்கு நின்றால் மரம்போல நிற்கிற குடும்பம் அது. எங்கள் பக்கமும் யாரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எடுத்தபோதுதான் கவனித்தேன், நான் நாற்காலியில் இல்லை. மருத்துவரின் சுவர் காலண்டர் கோணலாகத் தொங்கியது, அதை நேராக்க எழுந்து போயிருந்தேன். என் ஒரு கையில் அவருடைய ஸ்டேப்ளர் வேறு.

கணவர் சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “சார், வண்டிச் சாவி ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கும் சார். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கும், இவ மொட்ட மாடியில துணிய மடிச்சிட்டிருப்பா. அதுவும் பாதிதான்!”

“நீங்க வாய மூடுங்க” என்று பாய்ந்தேன். ஆனால் எனக்குள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தது. பள்ளியில் பாதி நாள் நான் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். என் அப்பா ஒரே வருஷத்தில் தக்காளி, ரோஜா, பட்டுப்பூச்சி மூன்றையும் தொடங்கி மூன்றையும் நடுவில் விட்டவர். சாப்பாட்டு இலைக்கு முன்னால் அவர் இரண்டு கவளத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. ‘ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது’ என்று ஊரே சிரிக்கும்.

“உங்களுக்கும் இருக்குன்னு இப்பவே முத்திரை குத்தமாட்டேன், அதுக்குத் தனியாப் பாக்கணும்” என்றார் மருத்துவர். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். எனக்குச் சந்தோஷம் பொங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். எத்தனை மாதமாக எங்கே தப்பு செய்தேன், என்ன ஊட்டினேன், என்ன பேசினேன் என்று தேடியிருக்கிறேன். தப்பே இல்லை. மூக்கைக் கொடுத்தேன், சுருட்டை முடியைக் கொடுத்தேன், கூடவே இதையும் கொடுத்திருக்கிறேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று யாராவது குத்திக் காட்டினால் இனி ஆமாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் மகள் உட்கார்ந்திருந்தாள். “ஆகலி வேஸ்துந்தா பங்காரம்?” என்று கேட்டேன். பசிக்குதா தங்கம், அவ்வளவுதான். அவள் என்னையே பார்த்தாள்.

“கோவம் போயிருச்சாம்மா?”

“எனக்கென்னடி கோவம்?”

“நீ என்கூட நம்ம பேச்சே பேசலையே. கோவம்னு நெனச்சேன்.”

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். ஓசூர் வரும்வரை தெலுங்கிலேயே பேசினேன், தெலுங்கிலேயே ஒரு தடவை திட்டவும் செய்தேன். அவள் குதித்தாள்.

அடுத்த நாளே பள்ளிக்குப் போனேன். முன் பெஞ்சு, ஒரு நேரத்துக்கு ஒரு வேலை, நடுநடுவே எழுந்து நோட்டு விநியோகிக்க அனுமதி. மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். “மூணு லாங்குவேஜை விட்டாச்சா?” என்றார் பிரின்சிபால். “இல்லீங்க மேடம். இங்கிலீஷோட சேத்து நாலு” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஆண்டுத் தேர்வுவரை பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார். அந்த மாதங்கள் சுலபமாக இல்லை. வீட்டுப்பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அவள் ஒரு துண்டை முடித்ததும் இரண்டு பேரும் தெருவில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து அடுத்ததைத் தொடுவோம். ஓட்டம் அவளுக்காக என்று கணவரிடம் சொல்லிவைத்தேன்.

தேர்வு முடிந்து பிரின்சிபால் எங்கள் மூவரையும் அழைத்தார். கணவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

“ஷி இஸ் கோயிங் டு ஃபோர்த் ஸ்டாண்டர்ட். பட்...” என்று தொடங்கினார் மேடம்.

‘ஃபோர்த்’ காதில் விழுந்ததுமே மகள் அறையில் இல்லை. வராந்தாவில் அவள் கத்துவது கேட்டது, எந்த மொழி என்று தெரியவில்லை. நானும் எழுந்துவிட்டேன்.

“ஏய், மேடம் இன்னும் முடிக்கலடி!” என்று கணவர் பதறினார்.

“நீங்க இருந்து கேட்டுட்டு வாங்க!” என்று கத்திவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.