தலைசுற்றலா, டயரா?

திருப்பத்தில்தான் ஆடியது. நேர் ரோட்டில் நோராவின் சைக்கிள் சமர்த்தாகப் போகும். ஆஸ்டின் டவுன் சர்ச் முனையில் இடப்பக்கம் வளைத்தால் மட்டும், சக்கரம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போகப் பார்க்கும். போன செவ்வாய்க்கிழமை அங்கேயே சரிந்தாள். நீலசந்திராவில் கொடுக்க வேண்டிய மூன்று கல்யாண ரவிக்கைகளும் சேற்றில் குளித்தன.

நோராவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாகத் தையல். தைத்ததைத் தானே வீட்டுக்குக் கொண்டுபோய், போட்டுப் பார்க்கச் சொல்லி, அக்குளில் பிடித்தால் அங்கேயே குண்டூசி குத்திக்கொண்டு வருவாள். அதற்காகவே அவளிடம் வருகிறவர்கள் உண்டு. சைக்கிள் போனால் பாதித் தொழில் போச்சு.

"இன்னொரு வாட்டி விழுந்தேன்னு வெச்சிக்கோ, சைக்கிள வித்துடுவேன் மம்மி," என்றாள் மகள் டீனா. "உனக்குக் காதுல கோளாறு. என் மேனேஜரோட அம்மாவுக்கும் இதேதான்."

காது டாக்டர், "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். நோரா குழம்பினாள். அடுப்படியில் தலை சுற்றவில்லை, மெஷினில் சுற்றவில்லை. பிறகு கட்டிலடியில் உருண்ட நூல் பாபினைக் குனிந்து எடுத்தபோது லேசாகச் சுற்றியது. அல்லது சுற்றியதாக நினைத்துக்கொண்டாளா? அதுவும் தெரியவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, வாடிக்கைக்காரி பாமாவின் ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைத்தாள். தடித்த கயிறு, அதைச் சுற்றி மடித்த குறுகலான துணிப்பட்டி. நேராகத் தைத்தவரை அடங்கி இருந்த கயிறு, கழுத்து வளைவு வந்ததும் பட்டிக்குள் நிற்காமல் புரண்டது. நோரா மெஷினை நிறுத்தினாள். டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற சைக்கிளிடம் போனாள்.

மழைக்காலப் பள்ளங்களுக்குப் பயந்து, முதுகு தாங்கட்டும் என்று, போன மாதம் ஆன்லைனில் அவளே வாங்கிய தடித்த டயர்கள். பழையதிலும் 622, புதியதிலும் 622 என்று அச்சு. சரியான அளவு என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்த 47-ஐ யார் பார்த்தது?

"நான் அன்னைக்கே சொன்னேன்ல!" என்றார் சைக்கிள் கடை கோவிந்தப்பா. "622 ரிம்மோட குறுக்களவும்மா, அது சரிதான். ஆனா ரிம்மு உள்ளாற பதினஞ்சு மில்லிதான் அகலம். பழசு முப்பத்திரண்டு, கச்சிதமா உக்காந்துச்சு. இது நாப்பத்தேழு. குறுகலான ரிம்முல இவ்ளோ தடியா மாட்டினா டயருக்குப் பிடிப்பு ஏது? வளைக்கும்போது பக்கவாட்டுல மடங்கத்தான் செய்யும். நீங்கதான், மாட்டு மாட்டுன்னு தலைமேல நின்னீங்க."

இடுப்புச் சுற்றளவை மட்டும் எடுத்துவிட்டுத் தோளை அளக்காத தையல்காரியைப்போல நோரா நின்றாள். ஊரில் யாரிடமும் சொல்ல முடியாத வெட்கம்.

பழைய டயர்களை மாட்டியதும் சர்ச் முனையில் சைக்கிள் ஆடாமல் வெண்ணெயாக வளைந்தது. வீட்டுக்கு வந்து டீனாவிடம் சொன்னாள்.

"பாத்தியா! மாத்திர வேலை செய்யுது," என்றாள் டீனா.

நோரா விரல்விட்டு எண்ணினாள். மாத்திரை தொடங்கி ஐந்து நாள். டயர் மாற்றியது இன்று. எது குணப்படுத்தியது? டீனா சொல்வதிலும் நியாயம் இருந்தது. மாத்திரைதான் என்றால் நோய் இருக்கிறது. நோய் இருந்தால் சைக்கிள் போகும்.

மறுபடி கோவிந்தப்பாவிடம் ஓடினாள். "தடி டயரையே திரும்ப மாட்டுங்க."

"உங்களுக்கு ஹுச்சு கிச்சு பிடிச்சிருக்காம்மா?" பைத்தியம் என்பதற்கு அவர் வாயில் கன்னடம்தான் வரும்.

"ஒரே ஒரு வளைவுக்குத்தான். மாட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், டீனாவின் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினாள். பிறகு அதே முனையில், நடைவேகத்தில் சைக்கிளை இடப்பக்கம் வளைத்தாள். பின்பக்கம் புரண்டது. ஹேண்டில் நெளிந்தது. நோரா காலை ஊன்றி நிறுத்தினாள், விழவில்லை.

"ஆடுதுடி!" என்று கத்தினாள், சர்ச் வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. "மாத்திர போட்டும் ஆடுது!"

இதில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று டீனாவுக்குப் புரியவில்லை. அவள் புரிந்துகொள்வதற்குள் நோரா, பழைய டயர்களையே மாட்டிக்கொள்ள, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோவிந்தப்பாவின் கடைப்பக்கம் பாதித் தெரு போய்விட்டாள்.